நல்ல தண்ணிக் குழாய்: ‘தி ஸ்பேஸ் மெர்ச்சன்ட்ஸ்’ மறுவாசிப்பு

11.05.2024, கேள்வி

“ஃபிரெடெரிக் போலும் சிரில் கார்ன்ப்ளூத்தும் சேர்ந்து எழுதிய ‘தி ஸ்பேஸ் மெர்ச்சன்ட்ஸ்’ 1953இல் வந்தது. விளம்பரக் கம்பெனிகள் உலகத்தை ஆளும் என்று பகடி செய்தார்கள். இப்போது அதுதான் நடக்கிறது. நடந்து முடிந்ததை எதற்கு மறுபடியும் வாசிக்க வேண்டும்? பழைய பஞ்சாங்கம்தானே?” இது தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது.

12.05.2024, காலை

அப்படித் தள்ளிவிட முடியாது. நான் இதை முதலில் வாசித்தது 1996இல், பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது. அட்டை போன பழைய பிரதி. தேர்தல் அச்சு வேலையெல்லாம் முடிந்து கடை ஓய்ந்து கிடந்த நேரத்தில் போன மாதம் மறுபடி எடுத்தேன். இரண்டே நாளில் முடிந்தது. இருபது வயதில் இதில் நான் பார்க்காமல் விட்டது ஏராளம்.

வாசிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. மிட்ச் கோர்ட்னி நியூயார்க்கின் பெரிய விளம்பர நிறுவனத்தில் முதல் வரிசை வாசகம் எழுதுபவன். ஃபௌலர் ஷாக்கன் அவன் முதலாளி. பூமியில் மரம் அரிது, நல்ல இறைச்சி அரிது. இருக்க இடமில்லாதவர்கள் உயரக் கட்டடங்களின் மாடிப்படியை இரவு வாடகைக்கு எடுத்துப் படுக்கிறார்கள். மனிதன் பிழைக்கவே முடியாத வெள்ளிக் கிரகத்தை இந்த மக்களுக்கு ஆசைகாட்டி விற்க வேண்டும். அந்த வேலை மிட்ச்சிடம் வருகிறது.

என்னை மறுபடி உள்ளே இழுத்தது முதல் பக்கம்தான். மிட்ச் காலையில் சவரம் செய்கிறான். நல்ல தண்ணிக் குழாயில் நூல் மாதிரி வரும் தண்ணீரில் முகம் கழுவுகிறான். உப்புத் தண்ணீரில் கழுவினால் அவனுக்கு முகம் அரிக்கும். வரி கட்டுகிறோமே, இதற்குக்கூட உரிமை இல்லையா என்று நினைத்துக்கொள்கிறான். கழுவி முடிப்பதற்குள் தண்ணீர் நின்றுவிடுகிறது. திட்டிவிட்டு மிச்சத்தை உப்புத் தண்ணீரில் கழுவுகிறான்.

1996இல் இதை நான் எதிர்காலக் கற்பனை என்றுதான் வாசித்தேன். சிந்துபூந்துறையில் வீடு, நாலு எட்டு வைத்தால் தாமிரபரணி. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை வேறு மாநிலத்தைக் கேட்காமல் ஓடுகிற ஆறு. அந்த ஊர்ப் பையனுக்கு இரண்டு குழாய் எப்படிப் புரியும்? 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் புரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவுத் தண்ணீர். குடிக்க ஒரு சொம்பு இல்லை. மொட்டை மாடியில் அண்டாவை வைத்து மழைத் தண்ணீர் பிடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

12.05.2024, இரவு

இரண்டு திருத்தம். சவரம் என்று எழுதிவிட்டேன், அங்கே கத்தி கிடையாது. முடியை உதிர்க்கும் சோப்பைத் தேய்த்துக் கழுவுகிறான். அப்புறம், 1953 என்பது புத்தகமாக வந்த ஆண்டு. அதற்கு முந்தைய ஆண்டே ‘கேலக்ஸி’ பத்திரிகையில் ‘கிரேவி பிளானட்’ என்ற பெயரில் தொடராக வந்துவிட்டது.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. தண்ணீர் நின்றதற்கு அங்கே யார் மேல் பழி? கம்பெனிகள் மேல் இல்லை. கான்சிகளின் சதி என்று ஊரில் பேச்சு. கான்சிகள் என்றால் மண்ணையும் நீரையும் காக்க வேண்டும் என்று சொல்லும் தலைமறைவு இயக்கத்தார். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்தபோது எழுதியது இது. கம்யூனிஸ்டுகளை ஏளனமாக அழைத்த ‘கம்மி’யை அந்தப் பெயரின் ஓசையே நினைவூட்டிவிடும். தண்ணீரைக் காப்பாற்றச் சொன்னவன்தான் தண்ணீரை நிறுத்தினான் என்று ஊரையே நம்பவைத்திருக்கிறார்கள். இதை ஒரே வரியில் போட்டுவிட்டுக் கதை போய்க்கொண்டே இருக்கிறது.

14.05.2024

காஃபியெஸ்ட் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஷாக்கன் நிறுவனம் விளம்பரம் செய்யும் காப்பி அது. 15 நகரங்களில் இலவச மாதிரி கொடுக்கிறார்கள். அதில் கொஞ்சம் ஆல்கலாய்டு சேர்த்திருக்கிறது. கெடுதல் இல்லையாம், பழக்கம் மட்டும் பிடித்துக்கொள்ளுமாம். 10 வாரம் குடித்தவன் ஆயுளுக்கும் வாடிக்கையாளர். விடுவிக்க வைத்தியம் உண்டு, 5,000 டாலர் ஆகும். அதைவிடத் தினமும் குடித்துவிட்டுப் போவது லேசு. கூட்டத்தில் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள், எல்லோரும் மகிழ்கிறார்கள்.

எங்கள் ஆச்சிக்கு முக்கூடல் பக்கம் ஊர். சிறு பிள்ளையாக இருக்கும்போது ஊருக்குத் தேயிலை வண்டி வந்த கதையைச் சொல்வாள். வண்டிக்காரன் தெருவில் அடுப்பு மூட்டி, சீனி போட்டு, பிள்ளைகளுக்கெல்லாம் சும்மா ஊற்றிக் கொடுத்தானாம். “அதுக்கு முன்னால நாங்க நீத்தண்ணிதான் குடிப்போம். மழை நாள்ல கருப்பட்டியும் சுக்கும். அவன் ஊத்துன பொறவு, சாயங்காலம் ஆனா மண்டை இடிக்கும்லா” என்பாள். அந்தக் காலத்தில் தேயிலைக்குச் சந்தை பிடிக்க நாடு முழுவதும் இப்படி இலவசமாகக் கொடுத்தார்கள். ஆச்சி அதைக் குறையாகச் சொன்னதில்லை. அவளுக்கு டீ ரொம்பப் பிடிக்கும். கடைசி நாள்வரை நாலு மணிக்கு ஒரு கிளாஸ் கேட்டாள்.

எனக்கு இதில் இன்னும் தெளிவு வரவில்லை. பிடித்துப்போன பிறகு அது யார் பிடிக்கவைத்தது என்று கேட்பதில் என்ன இருக்கிறது? ஏதோ இருக்கிறது. நாவல் அந்த இடத்தில் நம்மை விடமாட்டேன் என்கிறது.

15.05.2024

மேலே எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள்: நாவலில் கிரஞ்சீஸ் என்ற நொறுக்குத்தீனியைத் தின்றால் பாப்ஸி என்ற பானம் குடிக்கத் தோன்றும். பாப்ஸி குடித்தால் ஸ்டார் சிகரெட் கேட்கும். ஸ்டார் பிடித்தால் கிரஞ்சீஸுக்குப் பசிக்கும். இப்படி மூன்று பொருளைச் சங்கிலியாகக் கோத்திருக்கிறார்கள். எங்கள் கடை வாசலில் சாயங்காலம் நிற்கும் பையன்கள் கையில் மிக்சர், கலர், பீடி என்று இருப்பதைப் பார்க்கும்போது இந்த இடம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

18.05.2024

இந்த நாவலின் உயிர் வெள்ளிக் கிரகத்திலும் இல்லை, விளம்பரத்திலும் இல்லை. குளோரெல்லா என்ற பாசி ஆலையில் இருக்கிறது. இதைத்தான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

பாதிக் கதையில் மிட்ச்சை யாரோ அடித்துப்போட்டுக் கடத்திவிடுகிறார்கள். கண் விழித்தால் கூலியாட்களை ஏற்றிப்போகும் கப்பலில் கிடக்கிறான். கையில் பச்சை குத்தியிருந்த அடையாள எண்ணை மாற்றிவிட்டார்கள். பெயர் இப்போது குரோபி. கோஸ்டா ரிக்காவில் பாசி வளர்க்கும் மாபெரும் ஆலையில் பாசி வழிக்கும் வேலை. எத்தனையோ பேரை வாங்கவைத்தவன் இப்போது வாங்கும் ஆளாக நிற்கிறான். கூலி உண்டு. ஆனால் படுக்கைக்குப் பிடித்தம், சாப்பாட்டுக்குப் பிடித்தம், பாப்ஸிக்குப் பிடித்தம். எந்த வாரமும் கணக்கு நேராகாது. கடன் தீராமல் வெளியே போக வழியில்லை.

1996இல் இந்தப் பக்கங்களை வேகமாகத் தள்ளினேன், ராக்கெட் எப்போது வரும் என்று. இந்த முறை அந்தக் கணக்கைப் படித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த கணக்கு அது.

ஆச்சியும் அம்மாவும் பீடி சுற்றினார்கள். திண்ணையில் மடியில் சொளவு. ராத்திரி நனைத்து வைத்த இலையைத் தகடு வைத்து அளவாகக் கத்தரிக்க வேண்டும். தூளை வைத்து உருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்கிவிட வேண்டும். 25 சேர்ந்தால் ஒரு கட்டு. ஆயிரம் சேர்ந்தால் ஒரு நாள். அம்மாவின் ஆள்காட்டி விரல் ஓரத்தில் நகம் தேய்ந்து, தூள் ஏறி, எந்தச் சோப்புக்கும் போகாத ஒரு மஞ்சள் இருக்கும். கம்பெனியில் எடை போட்டுத் தரும் இலை ஆயிரம் பீடிக்குக் காணாது. ஓட்டை இலை, காய்ந்த இலை போக மிச்சம் எழுநூறு, எண்ணூறுக்குத்தான் வரும். குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வெளியில் வாங்க வேண்டும். கொண்டுபோனால் கணக்கர் ஒரு கைப்பிடியை எடுத்துப் பார்த்து, சரியில்லை என்று கழித்துப் போடுவார். கழித்ததும் திரும்பி வராது. பாஸ்புக்கில் அந்த வாரம் கையில் வந்தது எவ்வளவு என்று நான்தான் கூட்டிச் சொல்வேன். நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கூட்டி முடித்துவிட்டு, “ஆச்சி, நாமதான் அவுங்களுக்குத் தரணும் போல” என்றேன். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

போலும் கார்ன்ப்ளூத்தும் இந்தத் திண்ணையைப் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கணக்கு எப்படி ஓடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

19.05.2024

நேற்று எழுதியதை இன்று படித்தால் ஒரு பக்கம்தான் சொல்லியிருக்கிறேன். குளோரெல்லாவும் திண்ணையும் ஒன்றில்லை.

1966இல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது. 1976இல் நல நிதிக்குச் சட்டம் வந்தது. அம்மாவிடம் இருந்த பீடி கார்டில்தான் எனக்குப் பள்ளி உதவித்தொகை கிடைத்தது. ஏழாம் வகுப்பு நோட்டெல்லாம் அந்தக் காசு. பி.எஃப். பணத்தில் பின்கட்டுக்கு ஓடு போட்டோம். சங்கம் வைத்துக் கூட்டம் போட்டுக் கேட்டுத்தான் இவ்வளவும் கிடைத்தது. நாவலில் தொழிலாளிக்காகப் போராடும் சங்கம் இல்லை. எதிர்ப்பு என்றால் தலைமறைவாய், ரகசியக் குழுவாய் மட்டுமே இருக்கிறது. இதை நான் பெரிய குறையாக நினைக்கிறேன். அமெரிக்காவில் வலுவான தொழிற்சங்கங்கள் இருந்த காலத்தில்தான் அவர்கள் எழுதினார்கள். ஏன் விட்டார்கள்?

ஒரு வேளை, போராடும் சங்கமே இல்லாமல் போன உலகம் எப்படி இருக்கும் என்றுதான் காட்டியிருக்கிறார்களோ? அப்படியென்றால் கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதில் இதுதான்: நாவலில் சொன்னது எல்லாம் நடந்துவிடவில்லை. நடக்காமல் தடுத்த பக்கங்களும் உண்டு. எது தடுத்தது என்று தெரிந்துகொள்ளவாவது மறுபடி வாசிக்கலாம்.

21.05.2024

‘இண்டியாஸ்ட்ரீஸ்’ பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. ஷாக்கன் செய்த சாதனைகளில் ஒன்று, இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் ஒரே உற்பத்தி நிறுவனமாக இணைத்தது. நாம் அங்கே ஒரு பெயர்ப் பலகை, அவ்வளவுதான். இந்தியா விடுதலை பெற்று ஐந்து வருடம்கூட ஆகாதபோது எழுதியது. செனட்டர்களும் மாநிலங்களின் சார்பில் வருவதில்லை, கம்பெனிகளின் சார்பில் வருகிறார்கள். இதை விளக்கவே வேண்டாம்.

கங்கைகொண்டான் சிப்காட் குளிர்பான ஆலைகளை ஒருவர் இழுத்தார். வழக்கின் போக்கு இது: தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதற்கு 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. 2017 மார்ச்சில் மனுக்கள் தள்ளுபடியாகித் தடை விலகியது. நீதிமன்றத்தில் பேச்சு உபரி நீர் பற்றி. உபரி என்ற அந்தச் சொல்லைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கடைமடையில் நிற்கும் சம்சாரியிடம் உபரி என்றால் என்ன என்று கேட்டால் வேறு அர்த்தம் சொல்வார். மிட்ச் மாதிரி ஆட்கள் வேலை செய்வது இந்த மாதிரிச் சொற்களின் மேல்தான்.

25.05.2024

சிக்கன் லிட்டில். ஆலையின் அடிமாடியில் ஒரு பெரிய கோழித் தசைப் பிண்டம் வளர்ந்துகொண்டே இருக்கிறது. பாசிக் கஞ்சியை ஊட்டுகிறார்கள், ஹெரேரா என்ற தொழிலாளி வாள் மாதிரிக் கத்தியால் சீவிச் சீவி எடுக்கிறான். சீவாமல் விட்டால் அறையை நிறைத்துவிடும். அந்தச் சதைக்கு நடுவில் ஒரு குகை. ஊதல் ஊதினால் தசை விலகி வழி விடுகிறது. அதற்குள்தான் கான்சிகளின் ரகசியக் கூட்டம்.

எங்கிருந்து இந்தக் கற்பனை என்று தேடினேன். அலெக்சிஸ் கேரல் என்ற மருத்துவர் 1912இல் கோழி இதயத் திசுவை எடுத்து ஊட்டத் திரவத்தில் வைத்தார். 1946வரை அதை வளர்த்தார்கள், சாகாத கோழி இதயம் என்று பத்திரிகைகள் கொண்டாடின. சாதாரண உயிரணு சில பத்து முறைதான் பிரியும் என்று ஹேஃப்ளிக் 1961இல் காட்டிய பிறகு அந்தப் புகழ் போயிற்று. நாவல் எழுதும்போது அது எல்லோரும் நம்பிய அறிவியல். இப்போது வேறு வழியில் திரும்பி வந்திருக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த கோழிக்கறியை விற்க சிங்கப்பூர் 2020இல் அனுமதித்தது.

வீட்டில் இதைச் சொன்னேன். மதினி, “கொழம்புக்கு எலும்பு இல்லாம என்ன ருசி கெடைக்கும்?” என்று கேட்டு முடித்துவிட்டாள். ஹெரேரா நின்ற இடத்தில் நிற்கும் கறிக்கடைப் பையனைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலை நாலு மணியிலிருந்து ஒரே வெட்டு, ஒரே கோணம். ஹெரேரா அந்தக் கத்தியை நேசிக்கிறான். தன் வேலையில் அவனுக்குப் பெருமை உண்டு, அதே சமயம் அந்த ஆலையைக் கவிழ்க்கவும் பாடுபடுகிறான். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த மனிதன் அவன்தான்.

26.05.2024

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். செயலாளர் ஹெஸ்டரை எழுதிய விதம் எனக்கு வலிக்கிறது. மிட்ச்சுக்காகவே உழைத்து அவனுக்காகவே சாகிறாள். கதையும் அவளைத் தாண்டிச் சீக்கிரம் நகர்ந்துவிடுகிறது. மனைவி காத்தி பரவாயில்லை. அவள் மருத்துவர், அவளுக்குத் தனி மனசு இருக்கிறது, கான்சிகளில் முக்கியமானவள் என்று பிறகு தெரிகிறது. முடிவு அவசரம். எல்லாம் கூடிவந்து ராக்கெட் ஏறிவிடுகிறார்கள். பத்திரிகைத் தொடரில் வெள்ளியில் நடக்கும் அத்தியாயங்களும் இருந்தன, புத்தகத்தில் வெட்டிவிட்டார்கள். வெட்டியது நல்லதுதான்.

கார்ன்ப்ளூத் 1958இல் இறந்தார், வயது 34. பனியை வாரிக் கொட்டிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடி, நிலையத்தில் மாரடைப்பு. போல் 2013வரை இருந்தார். அவர் விளம்பர வாசகம் எழுதிப் பிழைத்தவர். அதனால்தான் அந்தக் கூட்ட அறைப் பேச்சு அவ்வளவு இயல்பாக வருகிறது.

01.06.2024

நீங்கள் ஏன் இதை இவ்வளவு பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். சொல்லத்தான் வேண்டும்.

நானும் வாசகம் எழுதுகிறவன். ஜங்ஷன் பக்கம் ஃபிளெக்ஸ், நோட்டீஸ் கடை. காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கடை திறப்பு, மனை விற்பனை. இந்தத் தேர்தலில் எதிரெதிராக நின்ற இரண்டு பேருக்கும் நோட்டீஸ் எழுதினேன். இரண்டிலும் குடிநீர் பற்றி ஒரு வரி இருந்தது. பெயரை மாற்றினால் போதும், ஒரே வரி.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மனைக்காரர் வந்தார். நகரத்துக்கு வெளியே மானாவாரிக் காடு, கல் ஊன்றியாயிற்று. “தண்ணி நல்லாருக்கும்னு ஒரு வரி போடுங்க” என்றார். நான் ‘இளநீர் போன்ற நிலத்தடி நீர்’ என்று எழுதினேன். அவர் கேட்டது ஒரு சாதாரண வரிதான். இளநீரைச் சேர்த்தது நான். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. அது உண்மை இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. உண்மையா பொய்யா என்ற கேள்வியே அந்த நேரத்தில் கிடையாது. மிட்ச் இப்படித்தான் இருக்கிறான். 1996இல் அவனை ஏமாற்றுக்காரன் என்று நினைத்தேன். அவன் யாரையும் ஏமாற்றவில்லை, தான் எழுதியதை நம்புகிறான்.

ஓய்வு பெற்ற சார்வாள் ஒருவர் அங்கே இரண்டு மனை வாங்கி வீடு கட்டினார். ஒரு வருடம் கழித்துக் கடைக்கு வந்தார். கோபமாக வரவில்லை. பையிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து என் கீபோர்டு பக்கத்தில் வைத்தார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. பாட்டிலின் உள்பக்கம் கழுத்தோரம் வெள்ளையாக ஒரு வளையம் படிந்திருந்தது.

“நம்ம வீட்டு போர் தண்ணி. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க தம்பி” என்றார்.

குடித்தேன். நாக்கின் அடியில் கசந்து, தொண்டையில் உப்பாக நின்றது. அவர் நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதை எடுத்து நீட்டி, “இளநீர்னு எழுதினது யாரு, அவரா நீங்களா?” என்று கேட்டார். நான்தான் என்றேன். “எழுத்து நல்லாருக்கு” என்றார். முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவர், மனசாரத்தான் சொன்னார். பாட்டிலை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

02.06.2024

நேற்று எழுதியபோது மறந்தது. கான்சிகளுக்குள் சேர்ந்ததும் மிட்ச் என்ன செய்கிறான்? அவர்களுடைய துண்டுப் பிரசுரம் மோசமாக இருக்கிறது என்று அதைத் திருத்தி எழுதுகிறான். நன்றாக எழுதியதால்தான் ஆலையை விட்டு வெளியே அனுப்பப்படுகிறான். அப்போது அவனுக்கு அவர்கள் மேல் நம்பிக்கை கிடையாது, தப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். இருந்தாலும் எழுத்து வேலை செய்கிறது. தண்ணீரைக் காப்பாற்றச் சொல்லும் நோட்டீஸையும் தண்ணீரை விற்கச் சொல்லும் நோட்டீஸையும் ஒரே கை எழுதும். இது எனக்கு ஆறுதலா பயமா என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது மனை நோட்டீஸ் வந்தால் போர் போட்டிருக்கிறதா என்று கேட்கிறேன். போட்டிருந்தால் ஒரு சொம்பு கொண்டுவரச் சொல்கிறேன். மூன்று பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

09.06.2024

ஞாயிற்றுக்கிழமை. சார்வாள் வீட்டுக்குப் போனேன். இந்த ஐந்து வருடத்தில் போனதில்லை. புத்தகத்தைக் கொடுத்தேன். முதல் பக்கத்தை நின்றுகொண்டே வாசித்தார். “ரெண்டு குழாய்” என்று விரலால் காட்டினார். அவர் அடுக்களையிலும் இரண்டுதான்: ஒரு குழாய், பக்கத்தில் ஸ்டூல் மேல் தண்ணி கேன். அவர் வீட்டு ஆச்சி கேன் தண்ணியில் காப்பி போட்டுத் தந்தாள்.

வெயிலில் வண்டியில் போனதால் முகமெல்லாம் புழுதி. வாசல் குழாயில் கழுவினேன். சார்வாள் துண்டு எடுத்து வருவதற்குள் காற்றில் காய்ந்துவிட்டது. கன்னம் இழுத்துப் பிடித்தது, மீசை ஓரத்தில் அரித்தது.